வெடைக்கோழியின் ஏழாம் மாதம்

போடிநாயக்கனூரை அடுத்து ஏலமலைச் சரிவின் கீழே கிடக்கும் சிலமலை போன்ற ஊர்களில், முற்றத்தில் வளரும் வெடைக்கோழி முதல் முட்டையிட ஆறேழு மாதம் ஆகும். பண்ணையில் வளரும் வெள்ளை லெகார்ன் ஐந்து மாதத்துக்குள்ளேயே தொடங்கி, ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும். நாட்டுக்கோழி இடுவதோ 40 முதல் 60 வரைதான். இந்தக் கணக்கைக் காட்டி நாட்டுக்கோழியை மட்டமான இனம் என்பது ஏறக்குறைய நூறாண்டுப் பழக்கம். 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் பணி மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், லெகார்னைப் பரப்பினார். முட்டை விற்பனைக்குக் கூட்டுறவும் அமைத்தார். நல்ல முயற்சிதான். ஆனால் அதன்பின் கோழிச் சீர்திருத்தம் என்றாலே சேவலை மாற்றுவது என்றாகிவிட்டது. முற்றத்துக் கோழியின் தாமதத்தில் இனத்துக்கு ஒரு பங்கு உண்டு; பெரிய பங்கு இரைக்கு.

பஞ்சாரத்தைத் திறந்ததும் ஒரு கை சோளமோ கம்போ, பொழுது சாயும்போது கழனித்தண்ணியில் பிசைந்த தவிடு. வீடு கொடுத்தது அவ்வளவுதான். நடுவில் உள்ள பகல் முழுவதும் குப்பைமேட்டைக் கிளறிக் கோழி தானே தேடிக்கொள்ள வேண்டும். சோளத்தில் புரதம் நூற்றுக்குப் பத்துப் பங்கு, கம்பில் சற்றுக் கூடுதல்; முட்டையிடும் கோழிக்கோ பதினாறு பங்காவது வேண்டும். இந்தக் குறையை நிரப்பத்தான் கரையான் பானை இருந்தது. பழைய கலயத்தில் சாணி, வைக்கோல், கந்தல் துணி திணித்து, நீர் தெளித்துக் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் கரையான் மொய்த்திருக்கும். நுட்பமான ஏற்பாடு, ஆனால் அது முதலில் போவது குஞ்சுகளின் வாய்க்கு. வளரும் வெடைக்குச் சிந்தியதுதான் மிச்சம். சுண்ணாம்பும் அப்படியே. ஒரு முட்டையின் ஓட்டுக்கு ஏறக்குறைய இரண்டு கிராம் சுண்ணாம்புச் சத்து தேவை. அது கிடைக்காத கோழி வெள்ளையடித்த சுவரைக் கொத்தும், தோல்முட்டை இடும். இதற்கு மாறான தவறும் உண்டு: சுண்ணாம்பு மிகுந்த முட்டைத் தீவனத்தை இளம் வெடைக்கு மாதக்கணக்கில் கொடுத்தால் சிறுநீரகம் கெடும். கொண்டை சிவந்து, கேறிக்கொண்டே மூலை தேடத் தொடங்கும்போதுதான் அதற்கு மாற்ற வேண்டும்.

இனமே விதி என்பவர்கள் அசில் என்கிற சண்டைக்கோழியைக் காட்டுவார்கள்: பண்ணையில் வைத்துத் தீவனம் கொடுத்தாலும் அது ஆறரை மாதத்துக்கு முன் முட்டையிடுவதில்லை. சரிதான். ஆனால் அதே பண்ணையில் அது ஆண்டுக்குத் தொண்ணூறு முட்டை அளவுக்கு இடுகிறதே, அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முற்றத்துக் கணக்கு வேறு. ஒரு ஈட்டில் பத்துப் பதினைந்து முட்டை. 21 நாள் அடை. பிறகு குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரியும் இரண்டு மூன்று மாதம். ஆண்டில் மூன்று நான்கு ஈடுதான் கொள்ளும். 40, 60 என்ற எண் அங்கேதான் பிறக்கிறது. தாய்மைக்குப் போன நாட்களை முட்டைக் கணக்கில் நட்டமாக எழுதியது நம் அளவுகோல். இனப் பெருமையைப் பற்றியும் ஒரு வார்த்தை: லெகார்னின் மஞ்சள் கால், இந்தச் சரிவுகளிலும் வாழும் சாம்பல் காட்டுக்கோழி இனத்திடமிருந்து வந்த மரபு என்று 2008இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது.

அப்படியானால் இரையைக் கூட்டியிருக்கலாமே என்று கேட்கலாம். கடலைப் பிண்ணாக்கு கிடைக்காத பொருளல்ல. ஆனால் விடிவதற்குள் ஏலத்தோட்டத்துக்கு மலையேறி, இருட்டும் நேரத்தில் இறங்குகிற குடும்பத்துக்குக் கோழி என்பது கைச்செலவில்லாத சேமிப்பு. செலவு செய்தால் அது சேமிப்பாக இராது. அதைவிடப் பெரிய காரணம் வெள்ளைக்கழிச்சல். 1920களின் பிற்பகுதியில் ராணிக்கேட்டில் கண்டறியப்பட்டு அந்த ஊரின் பெயரையே பெற்ற இந்த நோய் வந்தால் ஒரே வாரத்தில் பஞ்சாரம் காலியாகும். நாளை சாகக்கூடிய கோழிக்கு இன்று பிண்ணாக்கு வாங்காதது அறியாமை அல்ல, கணக்கு. 1940களில் முக்தேசுவர் ஆய்வுக்கூடத்தில் உருவான தடுப்பூசிதான் அந்தக் கணக்கைத் திருத்த வழி செய்தது. எட்டு வாரக் குஞ்சுக்கு இறக்கையடியில் அந்த ஊசியைப் போட்ட வீட்டில்தான் வெடைக்குத் தனியாக ஒரு கிண்ணம் வைப்பதற்கு அர்த்தம் உண்டு.