அடுக்கும் பூட்டும்

துணி வைக்கும் இடத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். ‘அலமாரி’ போர்ச்சுக்கீசியர் விட்டுப்போனது. அவர்களுடைய ‘அர்மாரியோ’வின் லத்தீன் மூலம் ஆயுதங்களும் கருவிகளும் வைக்கும் இடத்தைக் குறித்தது. ‘பீரோ’ பிரெஞ்சுச் சொல். ‘பூர்’ என்ற முரட்டுக் கம்பளித் துணியை விரித்த எழுதுமேஜைக்கு அந்தப் பெயர் முதலில் வந்தது; பிறகு மேஜை இருந்த அறைக்கு; பிறகு அந்த அறையிலிருந்து ஆட்சி செய்த அலுவலகத்துக்கு. தமிழ் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அது பூட்டும் சாவியும் உள்ள ஓர் இரும்பு அலமாரி. ஆங்கிலத்தின் ‘வார்ட்ரோப்’பில் பாதிச் சொல் காவல், மீதிச் சொல் உடை. ‘சாவி’யும் போர்ச்சுக்கீசியரிடம் வாங்கிய கடன்தான். ஆயுதம், ஆட்சி, காவல்; துணி இந்த வரிசையில் பின்னால்தான் வருகிறது. பீரோவை எப்படி அடுக்குவது என்ற கேள்வியை வீட்டுக் குறிப்புப் பகுதிக்காரர்களிடம் மட்டும் விட்டுவிட முடியாது என்று எனக்குப் படுவது இதனால்தான்.

இங்கிலாந்தின் சரித்திரத்தில் இதற்கு நேரான சாட்சியம் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில், மூன்றாம் ஹென்றி, முதலாம் எட்வர்ட் ஆகியோர் காலத்தில், ‘வார்ட்ரோப்’ என்பது அரசாங்கத்தின் நிதி இலாகா. அரசனுடைய உடைகள் இருந்த அறை பத்திரமான அறை. ஆகவே நகைகள் அங்கே போயின. நகைகளுக்குப் பின் நாணயம், நாணயத்துக்குப் பின் கணக்கு, கணக்குக்குப் பின் குமாஸ்தாக்கள். எட்வர்டின் யுத்தச் செலவுகளுக்கு இந்த உடையறைதான் படியளந்தது. 1303இல் ரிச்சர்ட் பட்லிகாட் என்ற கம்பளி வியாபாரி வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில் வைக்கப்பட்டிருந்த வார்ட்ரோபின் பொக்கிஷத்தைக் கொள்ளையடித்தான். அவன் தேடிப்போனது சட்டைகளை அல்ல. டி. எஃப். டவுட் என்ற சரித்திர ஆசிரியர் இந்த உடையறையையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் பற்றி எழுதிய ஆறு தொகுதிகள் 1920 முதல் 1933 வரை வெளிவந்தன. அரசன் சட்டை மாற்றிக்கொண்ட இடத்தில் ராஜ்யத்தின் நிர்வாகம் எப்படிப் பிறந்தது என்பதே அவருடைய விஷயம்.

நம் வீடுகளுக்கு வருவோம். பழைய தமிழ் வீட்டில் துணிக்கு இரண்டே இருப்பிடங்கள்: கொடி, பெட்டி. கட்டுகிற துணி கொடியில். கல்யாணப் பட்டு பெட்டியில், காய்ந்த வேப்பிலையோ வசம்போ துணையாக. நம் துணி மடிப்பதற்கென்றே பிறந்தது. துணி என்ற சொல்லுக்கே வெட்டப்பட்டது என்றுதான் பொருள், ‘அறுவை’யும் அதுவே. தறியிலிருந்து ஒரு வெட்டு, அதோடு சரி. உடம்பின் அளவுக்கு இரண்டாவது வெட்டு விழாத வேட்டியும் புடவையும் நாலு மடிப்பில் தட்டையாகிவிடும். தோள், கழுத்து, கை என்று வெட்டித் தைத்த உடைக்குத்தான் தொங்க ஓர் இடம் வேண்டும். மேற்கே பெட்டியிலிருந்து உயரமான அலமாரிக்கு உடை இடம் மாறியதில் தையல்காரனுக்கும் பங்கு உண்டு. நமக்கு அந்த அவசியம் நேரவில்லை.

ஆனால் கொடிக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. பிராமண வீடுகளில் மடித்துணி காயும் கொடி கைக்கெட்டாத உயரத்தில் இருக்கும். குச்சியால் போட்டுக் குச்சியால்தான் எடுக்க வேண்டும். அந்த வீட்டு விதவையின் ஒற்றைப் புடவைக்குத் தனிக்கொடி. எது எதைத் தொடலாம் என்பதே அடுக்கின் இலக்கணம். வீட்டின் ஒவ்வொரு துணியின் அந்தரங்கத்தையும், தீட்டுத் துணி உட்பட, அறிந்திருந்தவர் வண்ணார். சேராங்கொட்டை மையால் அவர் இட்ட குறிதான் எந்தத் துணி யாருடையது என்பதற்கு அத்தாட்சி. அவர் கொல்லைப்புறத்தைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. துணியை அடுக்க வேண்டுமானால் முதலில் இரண்டாவது துணி வேண்டும் என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலே ஒரு துணி போட்டுக்கொள்வதற்கே 1859 ஜூலை வரை போராட வேண்டியிருந்தது. அப்போது கிடைத்த அனுமதியும், மேல்சாதிப் பெண்களைப் போல் போட்டுக்கொள்ளக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது.

பீரோவின் வம்சாவளி வேறு. அர்தேஷிர் கோத்ரெஜ் 1897இல் பம்பாயில் பூட்டுச் செய்ய ஆரம்பித்தார். 1902இல் பணப்பெட்டகம். 1923இல் எஃகு அலமாரி. இந்த வரிசை முக்கியமானது. நம் பீரோ தச்சன் பட்டறையில் பிறந்த உடையலமாரியின் வாரிசு அல்ல. பூட்டின் பேரன், பணப்பெட்டகத்தின் பிள்ளை. ஆகவேதான் அதன் வயிற்றுக்குள் இன்னொரு பூட்டோடு ஒரு சின்ன லாக்கர். ஊருக்கு ஊர் பட்டறைகளில் அதே மாதிரியில் மலிவாகச் செய்யத் தொடங்கியபின், அது கல்யாணச் சீரின் பகுதியாயிற்று. பெண்ணோடு வண்டியில் ஏறி வந்து, கதவுக் கண்ணாடியில் தெருவையெல்லாம் காட்டிக்கொண்டு இறங்கியது. அதை நடுத்தர வர்க்கத்தின் அந்தஸ்துச் சின்னம் என்று சொல்லி நிறுத்திக்கொள்வது சுலபம். விஷயம் அதோடு முடியவில்லை.

அதன் தட்டுகளைப் பாருங்கள். மேல்தட்டில் பட்டுப்புடவைகள், அந்துருண்டையோடு, பழைய வேட்டியில் சுற்றி. அடுத்ததில் அவருடைய வேட்டி சட்டைகள். அதற்கும் கீழே குழந்தைகளுடையவை. அன்றாடம் கட்டும் நூல் புடவைகள் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே. எல்லாத் தட்டிலும் பழைய செய்தித்தாள் விரித்திருக்கும். அதற்கு அடியில் ஜாதகம், அடகுச் சீட்டு, பத்திரத்தின் நகல். லாக்கரில் நகை. லாக்கர் சாவி பெரும்பாலும் அவரிடம் அல்லது மாமியார் இடுப்பில். வீட்டின் அதிகாரம் முழுவதையும் மேலிருந்து கீழாக வாசித்துவிடலாம். ஆனால் வாசிக்க முடியாத ஓர் இடமும் இருந்தது. அது புடவை மடிப்புகளுக்கு நடுவே. ஆண் கை அங்கே போவதில்லை. கலைத்தால் திரும்ப மடிக்கத் தெரியாது. காய்கறிக் காசில் மிச்சம் பிடித்ததும், தாய்வீட்டில் அண்ணன் கையில் அழுத்தியதும் அங்கேதான் போயின. ‘தனக்கென ஓர் அறை’ வேண்டும் என்று வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் எழுதினார். நம் பெண்களுக்குக் கிடைத்தது அரைத் தட்டு. 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண் வசமிருக்கும் சொத்து முழுவதும் அவளுக்கே என்றது. 1989இல் தமிழ்நாட்டுத் திருத்தம் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தந்தது. சட்டம் வந்தபோது புடவை மடிப்பு தன் காரியத்தை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது. வந்த பிறகும் விடவில்லை.

2016 நவம்பர் 8 இரவு ஐநூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. 10ஆம் தேதி வங்கிகள் திறந்தன. டிசம்பர் 30 வரையிலான அந்த ஏழு வாரங்கள் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். நோட்டுகளில் அந்துருண்டை வாசனை அடித்தது. சில நோட்டுகள் வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் இருந்து, மடிப்பில் வெளுத்துப் போயிருந்தன. கணவன் வேலைக்குப் போனபின் வந்த பெண்கள் தொகையைப் பற்றிக் கேட்கவில்லை. கணக்கில் ஏறினால் குறுஞ்செய்தி யாருடைய எண்ணுக்குப் போகும் என்று கேட்டார்கள். பெரும்பாலும் அது கணவனுடைய எண். செல்லாதெனப்பட்ட நோட்டுகளில் 99.3 சதவீதம் திரும்பி வந்துவிட்டதாக ரிசர்வ் வங்கி 2018இல் தெரிவித்தது. புடவைக்கு அடியில் இருந்ததும் அதில் அடக்கம். கறுப்புப் பணம் பற்றி எழுதிய பொருளாதார மேதைகள் இந்தப் பணத்துக்கு ஒரு நிறம் சொல்லவில்லை.

இன்று புதிய அடுக்ககங்களில் சுவரோடு சுவராக மர அலமாரி வந்துவிட்டது. அடுக்குவதற்குச் சாஸ்திரமும் வந்திருக்கிறது. ஜப்பானின் மாரி கோண்டோ எழுதிய புத்தகம் 2014இல் ஆங்கிலத்தில் வந்து உலகம் சுற்றியது. ஒவ்வொரு துணியையும் கையில் எடு, மகிழ்ச்சி தருவதை வை, மற்றதை விடு. எல்லாம் ஒரே பார்வையில் தெரியும்படி நிறுத்தி அடுக்கு. வாங்கிக் குவித்த சமூகத்துக்கு இது மருந்தாக இருக்கலாம். நம் பீரோவில் உள்ளவை மகிழ்ச்சிக்காக மட்டும் வைக்கப்பட்டவை அல்ல. நூல் புடவை தூளியாகும், பிறகு கைப்பிடித் துணியாகும். பட்டு பழசானால் ஜரிகைக்கு விலை போகும். மிச்சத்துக்குப் பாத்திரக்காரன் எவர்சில்வர் கிண்ணம் தருவான். கட்டாத கல்யாணப் புடவை, இந்த வீட்டுக்குத் தான் வெறுங்கையோடு வரவில்லை என்பதற்கு அவள் வசமுள்ள ரசீது.

ஒரே பார்வையில் எல்லாம் தெரியவேண்டும் என்கிறவர்கள் பார்ப்பது யார் என்று கேட்பதில்லை. எங்கள் தொழிலில் பெட்டக அறைக்கு இரண்டு சாவிகள், இரண்டு பேரிடம். ஒருவரால் மட்டும் திறக்க முடியாது. வீட்டுப் பீரோவுக்கு அந்த விதி கிடையாது. கணக்குத் தொடங்கும் படிவத்தில் கைபேசி எண்ணுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதில் அவளுடைய சொந்த எண் எழுதப்படும்வரை புடவைகள் கொஞ்சம் கலைந்தே இருக்கட்டும்.