பொலிகுதிரையின் பொலி

பொலிகாளை என்பது ‘பலிகாளை’யின் திரிபு என்றும், கோயிலுக்கு நேர்ந்துவிட்ட காளையே ஊர்ப் பசுக்களைச் சினைப்படுத்தி வந்ததால் அந்தப் பெயர் அமைந்தது என்றும் ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது. கேட்பதற்கு அது நன்றாகத்தான் இருக்கிறது. வடமொழிப் பலியையும் நம் கோயில் மாட்டையும் ஒரே முடிச்சில் போட்டுவிடுகிறது. ஆனால் அதைச் சொல்கிறவர்கள் பொலிகுதிரையையும் பொலிகடாவையும் எங்கே விட்டார்கள் என்பது விளங்கவில்லை. ஒரு சொல்லுக்கு வேர் காணப் புகுந்தவர் அதன் உடன்பிறப்புகளை வாசலிலேயே நிறுத்திவிட்டு அதை மட்டும் உள்ளே அழைத்துப் போவது முறையன்று. பொலிகாளையில் உள்ள பொலி, பெருகுதல் என்னும் பொருளுடைய தமிழ் வினை. களத்து நெல், கடனுக்கு வட்டி, பசுவின் கன்று மூன்றும் அந்த வினைக்குள் அடங்கும். இதற்குச் சான்று தேட வயற்காட்டுக்குப் போக வேண்டியதில்லை. எண்ணெய்க் குழாய்களும் கண்டெய்னர் லாரிகளுமாக இருக்கும் மணலி, திருவொற்றியூர்ப் பக்கத்திலேயே கல்லில் வெட்டிய சான்று இருக்கிறது.

முதலில் களம். கதிரடித்துத் தூற்றிக் குவித்த நெல்லுக்குப் பொலி என்று பெயர். தூற்றுவது பொலி தூற்றுதல். குவியலைச் சுற்றிச் சாணிப்பாலாலோ சாம்பலாலோ குறியிட்ட பிறகுதான் மரக்கால் இறங்கும். அளக்கிறவர் முதல் மரக்காலை ஒன்று என்று எண்ணமாட்டார், ‘லாபம்’ என்பார். ‘பொலியோ பொலி’ என்று களத்தில் எழும் குரலும் அந்த லாபத்தையே வேண்டுகிறது. நம்மாழ்வார் திருவாய்மொழியின் ஐந்தாம் பத்தில் அடியார் கூட்டத்தை வாழ்த்தத் தேர்ந்துகொண்ட வினையும் பொலிதலே. பொலிவு என்றால் அழகு, ஆகவே பொலிகாளை அழகிய காளை என்பாருக்கு நீண்ட மறுமொழி தேவையில்லை. நிறைந்தது அழகாகத் தெரிகிறது; நிறைவுப் பொருள் முந்தியது, அழகுப் பொருள் அதன் வழி வந்தது. இளைத்த காளையும் சினைப்படுத்துமானால் அது பொலிகாளைதான்.

இனித் திருவொற்றியூர். ஆதிபுரீசுவரர் கோயில் கல்வெட்டுகளில் பல்லவர் காலம் தொடங்கியே நந்தாவிளக்குக் கொடைகள் நிறைந்திருக்கின்றன. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில், அபராசிதன் ஆட்சியில், மணலிச் சபையார் பொன்னைப் பெற்றுக்கொண்டு அதன் வட்டியைக் கோயிலுக்குச் செலுத்த ஒப்புக்கொள்கிறார்கள். அக்காலக் கல்வெட்டுகள் இந்த வட்டியைப் பொலிசை என்கின்றன. வட்டிக்கென்று கொடுத்து வைப்பதைப் பொலியூட்டு என்கின்றன. முதல் குறையாமல் நிற்கிறது, அதன்மேல் ஆண்டுதோறும் பொலிசை ஏறுகிறது. திருவொற்றியூரின் பெயரிலேயே கடன் கணக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். ஒற்றி என்றால் அடைமானம்; வட்டிக்குப் பதிலாக நிலத்தின் விளைவைக் கடன் கொடுத்தவர் அனுபவிப்பது. கடலை ஒற்றிப் போகச் சொன்ன ஊர் என்று தலபுராணத்தார் சொன்னாலும், வள்ளலார் இங்கிதமாலையில் அடைமானப் பொருளை வைத்தே விளையாடினார். பொன்னைப் போலவே ஆடுகளும் விளக்குக்கு முதலாக வைக்கப்பட்டன. ஒரு நந்தாவிளக்குக்கு 90 ஆடு, நாளொன்றுக்கு உழக்கு நெய் என்பது சோழர் காலப் பெருவழக்கு. அந்த ஆடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். ஆடு சாகாதா, மூப்படையாதா? சாகும். செத்த ஆட்டின் இடத்தில் அதன் குட்டி நிற்கும். மந்தையின் எண்ணிக்கை குறையாது. பொன்னுக்குப் பொலிசை எதுவோ, ஆட்டுக்குக் குட்டி அது.

எதிர்த்தரப்புக்கு வலுவான சான்று இரண்டு உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையாகாது. சில கல்வெட்டுகளில் பொலிசை பலிசை என்று எழுதப்பட்டிருக்கிறது. தெலுங்கிலோ பொலி என்ற சொல் காவுச்சோற்றையே குறிக்கிறது. ஊர்த்தேவதைக்கு வெட்டிய கிடாவின் குருதியைச் சோற்றில் பிசைந்து வயலிலும் ஊரெல்லையிலும் தூவுவார்கள். பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் இரு மொழியும் கலந்து புழங்குவதால் வடசென்னைக்காரர்களுக்கு இந்த வாதம் பொருத்தமாகப் படலாம். ஆனால் பலிசை என்ற வடிவத்தில் ஒகரம் அகரமாயிற்று என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. பொருளைப் பாருங்கள்: பலியிட்டது கையை விட்டுப் போனது; பொலிசை முதலைத் தொடாமல் கைக்கு வருவது. போனதற்கு உரிய சொல்லை வருவதற்கு வைத்துக் கணக்கெழுதும் சபை உலகில் எங்கும் இல்லை. தெலுங்குப் பொலியோ என் பக்கத்துச் சாட்சி. அந்தச் சோற்றைத் தூவுவது எதற்கு? விளைச்சல் பெருகத்தான். சடங்கு தான் வேண்டும் பயனின் பெயரைப் பூண்டுகொண்டது, அவ்வளவே.

வழக்கை முடித்துவைப்பது குதிரை. தமிழ் இலக்கணம் ஆண்விலங்குகளுக்குப் பெயரில் குறை வைத்ததில்லை. தொல்காப்பிய மரபியல் ஏறு, களிறு, கடுவன், போத்து, தகர் என்று அடுக்கிக்கொண்டே போகிறது. கடலில் வாழும் சுறாவுக்குக்கூட ஏறு என்ற பெயரைத் தருகிறது (காசிமேட்டு வலைஞர் இதைக் கேட்டால் மகிழ்வர்). ஆண்குதிரையைச் சேவல் எனலாம் என்றும், பெண்குதிரைக்குப் பெட்டை உரியது என்றும் அதே இயல் சொல்கிறது. ஆனால் இவையெல்லாம் பாலைச் சுட்டும் பெயர்கள். இனப்பெருக்கத் தொழிலைச் சுட்டுபவை அல்ல. காரணமும் தெரிந்ததே. பட்டினப்பாலைக் காலம் தொட்டே குதிரை நமக்குக் கடல் வழியாக வந்து இறங்கிய பண்டம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, நல்ல குதிரையும் நல்ல பெட்டையும் சேர்ந்தாலும் இந்த நாட்டில் கால் கோணிய குட்டியே பிறக்கிறது என்று எழுதிவைத்தார். வெள்ளையர் காலத்திலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சிலிருந்து கப்பலேறியதால் ‘வேலர்’ என்று பெயர்பெற்ற குதிரைகள் 19ஆம் நூற்றாண்டில் படைக்காகச் சென்னைக்கு வந்துகொண்டிருந்தன. அவற்றில் காயடித்த குதிரை எத்தனை இறங்கினாலும் குட்டி பெருகாது. ஆண்டுதோறும் மறுபடி வாங்க வேண்டும். அதனால்தான் அரசாங்கம் வடக்கே பொலிகுதிரைகளைத் தானே வைத்துப் பராமரித்தது. பஞ்சாபில் ஜீலம் கால்வாய்க் குடியேற்றத்தில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நிலம் பெற்ற உழவர் ஒரு பெட்டைக்குதிரையை வளர்த்து அரசுப் பொலிகுதிரையிடம் விட வேண்டும் என்பதே நிலத்துக்கு நிபந்தனை. அவர்களுக்குக் கோரிபால் என்று பெயர். நீர் பாயும் நிலத்துக்குக் குத்தகை போலக் குட்டி கேட்ட ஆட்சி அது. இந்தத் தொழிலுக்கு உரிய விலங்கைத் தமிழில் சொல்ல நேர்ந்தவர்கள் சேவலையும் எடுக்கவில்லை, ஏற்றையும் எடுக்கவில்லை. பொலி என்பதையே குதிரைக்கு முன்னால் வைத்தார்கள். உயிருள்ள பொலிகுதிரையைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டு ஊர்ப் பெட்டைகளோடு அலையவிடும் வழக்கம் தமிழ்நாட்டில் இல்லை. அய்யனாருக்கு நாம் கொடுப்பது மண்குதிரை. அப்படியானால் பொலிகுதிரையில் பலி எங்கிருந்து வந்தது? பலிக்கொள்கையாளர் இதற்கு ஒரு விடை சொல்லியாக வேண்டும்.

கோயில் காளை ஊர்ப் பசுக்களைச் சினைப்படுத்தியது உண்மை. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அதற்குத் தனிப்பெயர் இருக்கிறது: கோயில் காளை, சாமி மாடு. பொலிகாளை உடையவன் தொழுவத்தில் கட்டிப் பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் வைத்து வளர்ப்பது. பருவத்துக்கு வந்த பசுவை அங்கே ஓட்டிவந்து, காளைக்கு விட்டுக் கூலி கொடுத்துப் போவார்கள். காங்கேயம் பக்கம் பழையகோட்டைப் பட்டக்காரர் தொழுவத்துக் காளைகளுக்குப் பெயர் வந்தது இந்தப் பேணுதலால். ஒன்று நேர்த்திக்கடன், மற்றது தொழில். இரண்டையும் ஒரே சொல்லுக்குள் திணித்ததால்தான் இந்தக் குழப்பமெல்லாம்.

பொலியின் பிறப்பிடம் நெற்களம் என்று கொள்வதே பெருவழக்கு. அங்கும் எனக்கு உடன்பாடில்லை. களத்து நெல் குவிகிறதே ஒழிய, குவிந்த பிறகு தானாகப் பெருகுவதில்லை. தானாகப் பெருகும் செல்வம் மந்தைதான். கிரேக்கர் வட்டிக்கு வழங்கிய ‘டோக்கோஸ்’ என்ற சொல்லின் முதற்பொருள் ஈன்ற பிள்ளை. சுமேரியரின் ‘மாஷ்’ ஆட்டுக்குட்டியையும் வட்டியையும் ஒன்றாகவே குறித்தது. நம் கல்வெட்டுகளிலும் பேராடும் பொலியூட்டுப் பொன்னும் ஒரே விளக்கை எரிக்கப் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. பொலி பட்டியில் பிறந்து, அங்கிருந்து களத்துக்கும், களத்திலிருந்து சபையாரின் கணக்குக்கும் போன சொல். பொலிகாளை அதன் முதற்பொருளை இன்றும் விடாமல் வைத்திருக்கிறது என்பதே என் துணிபு.