ஒரே பெயர், இரண்டு துப்பாக்கிகள்

அமெரிக்காவில் நியூ ஹேவன் நகரத்து வின்செஸ்டர் கம்பெனியார் 1936-இல் 'மாடல் 70' என்ற வேட்டைத் துப்பாக்கியைக் கொண்டுவந்தார்கள். ஜெர்மானியரான மௌஸர் 1898-ஆம் ஆண்டுத் துப்பாக்கியில் செம்மைப்படுத்திய எஃகு நகந்தான் அதற்கும் உயிர்நாடி. மேலெழும் தோட்டாவை அந்த நகம் அப்போதே கவ்வும். சுட்ட கூட்டை வெளியே எறியும்வரை விடாது.

1962-இல் ரெமிங்டன் கம்பெனியின் 'மாடல் 700' வந்தது. அதன் போல்ட் தோட்டாவைத் தள்ளிக்கொண்டுதான் போகும். உள்ளே சேர்ந்த பிறகே பற்றும். செய்வதற்குச் செலவு குறைவு. 1964-இல் வின்செஸ்டரும் அந்த வழிக்கே இறங்கியது. பெயரை மட்டும் மாற்றவில்லை!

இப்போது வேட்டைக்காரன் எதிரே இரண்டு 'மாடல் 70'கள். எதை எடுப்பான்? நியாயமாகச் சொன்னால், புதியதும் குறி தவறாமல் சுட்டது. மான் வேட்டைக்கு அது போதும். ஆனால், பதற்றத்தில் பாதி தள்ளிய போல்ட்டைப் பின்னிழுத்து மறுபடி தள்ளினால், அதில் இரண்டு தோட்டாக்கள் முட்டிக்கொள்ளும். சீறிவரும் கரடியின்முன் அது உயிர் போகிற விஷயமல்லவா? பலர் பழையதையே தேடினார்கள்; அதன் விலை ஏறியது. 1990-களில் கம்பெனியே நகத்தைத் திரும்பப் பொருத்தியது.

விவரமறிந்தவன் பெயரைப் படிப்பதோடு நிற்கவில்லை. போல்ட்டைத் திறந்து பார்த்தான்.