அம்பாசிடரின் ஆயுள்

முப்பது, நாற்பது ஆண்டுகள் ஓடிய அம்பாசிடர் கார்கள் இந்தியாவில் ஏராளம். அந்த நீண்ட ஆயுளுக்கான பாராட்டு வழக்கமாக வண்டிக்கும் அதைச் செய்த ஆலைக்குமே போகிறது. அதில் பெரும்பங்கு உதிரிபாகத் தொழிலுக்கும் தெருமுனைப் பட்டறைகளுக்கும் சேர வேண்டியது.

விடுதலைக்குப் பின் 1949-இல், முழுதாகக் கட்டி முடித்த வாகனங்களை இறக்குமதி செய்ய அரசு தடை விதித்தது. பாகங்களை உள்நாட்டிலேயே செய்ய முன்வரும் நிறுவனங்களுக்கு மட்டுமே இடம் என்ற கொள்கை 1953-இல் உறுதியானதும், பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்ற ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. கார் செய்ய எஞ்சியவர்களில் முக்கியமானவர்கள் மூவர்: கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு. புதிய கார் வேண்டுமானால் பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கையில் இருக்கும் வண்டியைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு 1957-இல் அம்பாசிடர் வந்தது. இரண்டு ஆண்டுகளில் அதற்கு 1489 சிசி ஓவர்ஹெட் வால்வ் என்ஜின் கிடைத்தது. அதன்பின் முகப்பு கிரில்லும் விளக்குகளும் மாறினவே தவிர, வண்டியின் அடிப்படை அமைப்பு பல பத்தாண்டுகளுக்கு மாறவில்லை. ஆலையின் தேக்கம் என்று பொருளியலாளர்கள் குறை சொன்ன இதே நிலைதான் பழைய வண்டி வைத்திருந்தவருக்குப் பெரிய உதவியாக இருந்தது. புதிய வண்டிக்காகச் செய்த பாகங்களில் பல பழைய வண்டிக்கும் பொருந்தின.

அந்தப் பாகங்கள் உருவான கதையில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. செம்பியத்தில் 1949-இல் இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கியது. பாடியில் 1961-இல் மின்சாரப் பாகங்களுக்காக லூகாஸ் டிவிஎஸ்ஸும், அடுத்த ஆண்டு பிரேக் பாகங்களுக்காக பிரேக்ஸ் இந்தியாவும் வந்தன. ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் புதிய பாகங்களும், புதுப்பேட்டையில் கழித்துப்போட்ட வண்டிகளிலிருந்து எடுத்த பாகங்களும் கிடைத்தன.

பராமரிப்பில் முதலிடம் கிரீஸுக்கு. முன்சக்கரம் திரும்புவது கிங் பின் என்ற செங்குத்தான ஊசியின் மேல். சுமார் ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை அதற்கு கிரீஸ் அடிக்க வேண்டும். விவரம் தெரிந்த மெக்கானிக் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கிய பிறகே நிப்பிளில் கிரீஸ் கன்னை வைப்பார்; வண்டியின் பாரம் ஊசியின் மேல் இருக்கும்போது கிரீஸ் எல்லாப் பக்கமும் சரியாகப் போய்ச் சேராது. கறுத்த பழைய கிரீஸ் பிதுங்கி, புதியது எட்டிப்பார்க்கும் வரை அடிப்பார். பிறகு சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். 'பிளே' எனும் தளர்ச்சி இருந்தால் கிங் பின்னையும் அதன் புஷ்ஷையும் மாற்றும் நேரம் வந்துவிட்டது. இந்த வேலையைத் தள்ளிப்போட்டவர்களின் வண்டிகளில்தான் ஸ்டியரிங் உதறியது, டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்தது.

என்ஜின் வேலைக்குப் படிகள் உண்டு. முதலில் ஹெட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டி, வால்வுகளைப் பேஸ்ட் வைத்துத் தேய்த்து உட்காரவைப்பார்கள். நீலப்புகை வந்து ஆயில் குறையத் தொடங்கினால் ரீபோர்: லேத் பட்டறையில் சிலிண்டரைக் கடைந்து, அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது, நாற்பது பங்கு பெரிய பிஸ்டன் போடுவார்கள். கடைய இடமில்லாமல் போனால் ஸ்லீவ் என்ற உட்குழாயை இறக்கி, சிலிண்டரைப் பழைய அளவுக்கே கொண்டுவருவார்கள். வார்ப்பிரும்பு பிளாக் இத்தனையையும் தாங்கியது. ஒரே என்ஜினுக்கு இப்படிப் பலமுறை மறுவாழ்வு கொடுத்த கடைசல்காரர்களின் நுட்பம் எந்த ஆலைத் திறனுக்கும் குறைந்ததன்று. தொழில் வரலாறுகளில் அவர்களுக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

உண்மையான எதிரி துருதான். இந்த வண்டிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. பாடியே பாரம் தாங்கியது. தரைத்தகடு அரித்தால் வண்டியின் பலமே போய்விடும். அரித்த பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டு செய்யும் டிங்கர் இதனால் மெக்கானிக்குக்கு நிகரான மதிப்புப் பெற்றார்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின் தட்டுப்பாடு தளரத் தொடங்கியது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நாடு முழுவதும் நின்றது பழைய வண்டிகளுக்கு மற்றொரு சோதனை. எரியும்போது படிந்த ஈயம்தான் வார்ப்பிரும்பு வால்வ் சீட்டுகளைத் தேய்மானத்திலிருந்து காத்துவந்தது. அது இல்லாத நிலையில், ஹெட்டைக் கடைந்து கடினமான சீட் வளையங்களைப் பொருத்துவது தீர்வானது. கல்கத்தாவில் பதினைந்து ஆண்டு கடந்த வணிக வாகனங்களை அகற்ற 2008-இல் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, பழைய அம்பாசிடர் டாக்சிகளும் அதற்குள் அடங்கின.

உத்தர்பாரா ஆலையில் 2014 மே மாதம் உற்பத்தி நின்றது. பதினைந்து ஆண்டு கடந்த சொந்தக் காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. இப்போது அம்பாசிடரை ஓட்டுவோர் பெரும்பாலும் விருப்பத்துக்காக வைத்திருப்பவர்கள். அவர்களுக்கு வேண்டிய பாகம் புதிதாகக் கிடைக்காதபோது, பழையதை அளவெடுத்துக் கடைந்து தருவது லேத் பட்டறைகளே.