நாற்காலியும் பாதையும்

"மிதவாதிகள் என்போர் கோழைகள்தாமே?" என்று கல்பாக்கத்தில் மாணவர் ஒருவர் என்னை வினவினார். நான் அவருக்குச் சூரத்து வரலாற்றைக் கூறினேன்.

1907 டிசம்பரில் அங்குக் காங்கிரஸ் மகாசபை கூடியது. தலைமைப் பதவிக்கு மிதவாதிகள் ராஷ் பிகாரி கோஷை நிறுத்தினர். திலகர் அணியினர் லாலா லஜபதி ராயை விரும்பினர், அவரோ ஒதுங்கிக்கொண்டார். ஆனால், நாற்காலி எவருக்கு என்பதன்று உண்மை வழக்கு. முந்தைய ஆண்டு கல்கத்தாவில் நிறைவேறிய சுயராஜ்யம், சுதேசி, அந்நியப் பொருள் விலக்கு, தேசியக் கல்வி ஆகிய தீர்மானங்கள் நிலைக்குமா என்பதே வழக்கு. சட்டத்துக்கு உட்பட்டுப் படிப்படியாக முன்னேறுவதே மிதவாதிகளின் கருத்து. வ. உ. சிதம்பரம் பிள்ளையும் பாரதியாரும் திலகர் பக்கம் நின்றனர். மேடையில் செருப்பு வந்து விழுந்தது, சபை கலைந்தது. தலைமை மிதவாதிகளிடம் நின்றது, ஒற்றுமை நிற்கவில்லை. பிரிந்தோர் 1916இல் லக்னோவில்தான் மீண்டும் ஒன்றுகூடினர்.

அதே 1907ஆம் ஆண்டிலேதான் சென்னை மிதவாதி வி. கிருஷ்ணசாமி ஐயர் பாரதியாரின் பாடல்களைத் தம் செலவில் அச்சிட்டு வழங்கினார். மாற்றணியின் குரலை மதித்தவரைக் கோழை என்பது தகுமோ? அப்பெருந்தன்மை சூரத்துப் பந்தலிலும் நிலவியிருந்தால், ஒன்பதாண்டுப் பிரிவு நேர்ந்திராது என்றே நான் கருதுகிறேன்.