அசாவோ வார்டு

ஜப்பானின் கனகாவா மாகாணத்தைச் சேர்ந்த கவசாகி மாநகரின் ஏழு வார்டுகளுள் வடமேற்குக் கோடியில் அமைந்தது அசாவோ. ஏறத்தாழ 23 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இதில் சுமார் 1,80,000 மக்கள் வாழ்கின்றனர். ஜப்பானியப் பெருநகர்களில் வார்டு என்பது ஒற்றை உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் சிறு தொகுதி அன்று. மேயரால் அமர்த்தப்படும் தலைவரையும் தனி அலுவலகத்தையும் உடையதாய், தனி மன்றம் மட்டும் இல்லாததாய், மாநகராட்சி மண்டலத்தை ஒத்து இயங்குவது.

தாமா ஆற்றின் தென்கரையை ஒட்டி ஒடுங்கி நீண்டு கிடக்கும் கவசாகி, ஒரு முனையில் தோக்கியோ விரிகுடாவின் எஃகு, எண்ணெய் ஆலைகளையும் மறுமுனையில் தாமா குன்றுகளையும் கொண்டிருக்கிறது. அசாவோ இக்குன்றுகளின் மேல் அமைந்திருப்பதால் மேடுபள்ளமும் சரிவான தெருக்களுமே அதன் நில இயல்பாக உள்ளன. சுருமி ஆற்றில் கலக்கும் அசாவோ ஆறு இவ்வழியே ஓடுகிறது. ஒகாகாமி என்னும் பகுதி மட்டும் தோக்கியோவின் மச்சிதா நகராலும் யோகோஹாமாவாலும் சூழப்பட்டு, வார்டின் மற்றப் பகுதிகளிலிருந்து நிலத்தொடர்பின்றித் தனித்து நிற்கிறது.

இக்குன்றுகளின் பழைய புகழ் ஒரு பழத்தால் வந்தது. ஓசென்ஜி கோயிலை அடுத்த மலையில் 1214-ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்டதாக மரபு கூறும் சென்ஜிமாரு, ஜப்பானின் மிகப் பழைய இனிப்புப் பெர்சிமன் வகையாகக் கருதப்படுகிறது. தமிழ்நாட்டுப் பனிச்சையும் கருங்காலியும் சேர்ந்த அதே பேரினத்தைச் சார்ந்த இம்மரத்தின் கனிகள், எதோ காலத்தில், அதாவது தோக்கியோ எதோ எனப் பெயர் பெற்றிருந்த 17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரையான காலத்தில், அந்நகரச் சந்தைக்குச் சென்றன. குரோகாவாப் பகுதியின் மரக்கரியும் அங்கேயே விலைபோயிற்று. ஆகவே, இரயில் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இவ்வூர்கள் தலைநகரை நோக்கிப் பிழைத்தவை எனலாம். பின்னாளில் பெரிய கனி தரும் ஃபுயு முதலிய வகைகள் பரவியதால் சென்ஜிமாரு சந்தையை இழந்தது. எஞ்சிய மரங்களுள் ஏழு 2007-இல் நாட்டின் நினைவுச் சின்னங்களாகப் பதிவு செய்யப்பட்டன.

1889-இல் சிற்றூர்கள் இணைக்கப்பட்டபோது ககியோ என்னும் கிராமம் உருவானது. ககியோவும் ஒகாகாமியும் அடங்கிய சுசுகி மாவட்டத்தின் பெரும்பகுதி 1939 ஏப்ரல் 1-இல் யோகோஹாமாவோடு சேர, இவ்விரண்டு மட்டும் அதே நாளில் கவசாகியோடு இணைந்தன. 1972-இல் கவசாகி சிறப்புரிமை பெற்ற மாநகராகி ஐந்து வார்டுகளாகப் பிரிக்கப்பட்டபோது தாமா வார்டில் அடங்கியிருந்த இப்பகுதி, மக்கள்தொகை பெருகியதால் 1982 ஜூலை 1-இல் அசாவோ என்னும் தனி வார்டாயிற்று.

இப்பெருக்கத்திற்குக் காரணம் மாநகராட்சியைவிட இரயில் பாதையே. தோக்கியோவின் ஷின்ஜுகுவிலிருந்து ஓதவாரா வரையிலான ஓதாக்யூ பாதை 1927-இல் திறக்கப்பட்டபோதே ககியோவுக்கு நிலையம் கிடைத்தது. எனினும் வயலும் தோப்பும் உடனே மாறிவிடவில்லை. போருக்குப் பின் தலைநகரில் வீட்டுப் பஞ்சம் முற்றியதால் அரசு நிறுவிய ஜப்பான் வீட்டுவசதிக் கழகம் யுரிகவோகாவில் பெரும் அடுக்குமாடிக் குடியிருப்பை எழுப்ப, 1960-இல் அங்கு நிலையமும் திறக்கப்பட்டது. 1974-இல் தாமா புதுநகரை நோக்கிக் கிளைப்பாதை பிரிந்த இடத்தில் ஷின்-யுரிகவோகா நிலையம் தோன்றியது. அதன் சுற்றுப்புறம் நில மறுசீரமைப்பு முறையில் உருவாயிற்று: உரிமையாளர்கள் சங்கமாகச் சேர்ந்து, ஒவ்வொருவரும் தம் நிலத்தில் ஒரு பங்கைச் சாலைக்கும் பூங்காவுக்கும் விட்டுக்கொடுத்து, பரப்பில் குறைந்தாலும் மதிப்பில் உயர்ந்த மனையைத் திரும்பப் பெறுவது அம்முறை. உழவர்களை வெளியேற்றாமல் நகரை எழுப்பியது இதன் சிறப்பு. தோக்கியோவைச் சுற்றிய பல புறநகர்கள் ஒழுங்கின்றி வளர்ந்ததை நோக்கினால் இது சிறு சாதனை அன்று.

பொருளாதாரத்தில் அசாவோ தொழிற்கூடங்களின் இடம் அன்று. உழைக்கும் மக்களில் பெரும்பங்கினர் வெளியே வேலைக்குச் செல்வதால் இரவைவிடப் பகலில் இங்கு ஆள் குறைவு. அவர்களின் வருவாயே ஷின்-யுரிகவோகாவின் கடைகளையும் தனிப்பயிற்சிப் பள்ளிகளையும் தாங்குகிறது. குரிகி, குரோகாவாப் பகுதிகளில் ஆய்வு நிறுவனங்களுக்கென ஒரு வளாகம் ஒதுக்கப்பட்டுள்ளது. இயக்குநர் இமாமுரா ஷோஹெய் தொடங்கிய திரைப்படப் பள்ளி 1986-இல் இங்கு இடம்பெயர்ந்து 2011-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. ஷோவா இசைப் பல்கலைக்கழகமும் 2007-இல் வந்து சேர்ந்தது.

வேளாண்மை முற்றிலும் அழியவில்லை. குரோகாவா, ஒகாகாமி, ஹயானோ ஆகிய இடங்களில் கட்டடம் எழுப்புவதைச் சட்டம் கட்டுப்படுத்துவதால் காய்கறி வயல்கள் நீடிக்கின்றன. 2008-இல் குரோகாவாவில் வேளாண் கூட்டுறவு அமைப்பு திறந்த நேரடி விற்பனை நிலையம் அவ்விளைச்சலை நகரத்தாருக்கு விற்கிறது.

2020-ஆம் ஆண்டுக்கான அரசுக் கணக்கீட்டில் ஆண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு 84.0, பெண்களுடையது 89.2 ஆண்டுகள் என இரு பாலாரிலும் அசாவோ நாட்டின் முதலிடத்தைப் பெற்றது. நீண்ட ஆயுளோடு முதுமையும் சேர்ந்தே வருவதால், இளங்குடும்பங்களுக்கென அமைந்த சரிவுத் தெருக்களும் மின்தூக்கியற்ற பழைய மாடிகளும் இன்று இடையூறாகியுள்ளன. ஷின்ஜுகுவுக்கு ஒரே இரயிலில் செல்லும் இம்மக்கள் தம் சொந்த மாநகராட்சித் தலைமையகத்திற்குச் செல்ல நோபொரிதோவில் வண்டி மாற வேண்டியிருக்கிறது. யோகோஹாமா மாநகர இரயிலின் நீலத்தடத்தை அசாமினோவிலிருந்து ஷின்-யுரிகவோகா வரை நீட்டிக்க 2019-இல் இரு மாநகராட்சிகளும் உடன்பட்டன; அது முடிந்தால் ஷின்-யோகோஹாமாவின் அதிவேக இரயிலை இவர்கள் எளிதில் அடையலாம், ஆனால் கவசாகித் தலைமையகத்திற்கான வழி அதனால் மாறப்போவதில்லை.