யார் கூப்பிட்டது? – ஸ்டாக் ஃபிரேமின் கதை

சி மொழி கற்பவர்கள் எல்லோருக்கும் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' நல்ல பழக்கம். நிரல் செத்துவிட்டது, எங்கே என்றுதான் தெரியாது. அப்போது ஜிடிபி டிபக்கரில் 'பிடி' என்று இரண்டே எழுத்து தட்டினால் போதும் (தமிழில் படித்தாலும் பொருத்தம்தான்!). எந்த ஃபங்ஷனை எந்த ஃபங்ஷன் கூப்பிட்டது என்ற பட்டியல் வந்துவிடும். 'அப்' என்றால் கூப்பிட்ட ஃபங்ஷனுக்குப் போகலாம். '-ஜி' கொடுத்து கம்பைல் செய்திருந்தால், 'இன்ஃபோ லோகல்ஸ்' அங்கிருந்த மாறிகளின் மதிப்பையும் காட்டும்.

இந்தத் தடயம் எங்கிருந்து வந்தது?

1949-ல் கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினி ஓடத் தொடங்கியபோது ஸ்டாக் கிடையாது. அங்கே டேவிட் வீலர் ஒரு உத்தி கண்டார். துணை நிரல் தொடங்கியதும், திரும்பிப் போகவேண்டிய இடத்தைத் தன் கடைசிக் கட்டளையில் தானே எழுதிக்கொள்ளும். அருமையான யோசனை! ஆனால் எழுத ஒரே இடம்தான் உண்டு. துணை நிரல் தன்னையே மறுபடி கூப்பிட்டால் பழைய முகவரி அழிந்துபோகும்.

1957-ல் ஜெர்மனியின் பவரும் சாமெல்சனும் ஸ்டாக் முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். தட்டுகளை அடுக்குவதுபோல, கடைசியில் வைத்ததை முதலில் எடுப்பதுதான் அது. 1960-ல் நெதர்லாந்தின் டைக்ஸ்ட்ரா, ஒவ்வொரு அழைப்புக்கும் ஸ்டாக்கில் தனி இடம் ஒதுக்கினால் தன்னையே அழைக்கும் நிரலும் சிக்கலின்றி ஓடும் என்று விளக்கினார். அந்தத் தனி இடம்தான் ஸ்டாக் ஃபிரேம். மாறிகளும் திரும்பும் முகவரியும் அதில் இருக்கும்.

கவனியுங்கள், இதெல்லாம் நிரல் ஓடுவதற்காகச் செய்த ஏற்பாடு. பிழை தேடுவதற்காக அல்ல. ஆனால் நிரல் பாதியில் நின்றாலும் அடுக்கு அப்படியே நினைவகத்தில் இருக்கிறதே! அதைப் படித்துச் சொல்வதுதான் டிபக்கரின் வேலை. 1980களின் தொடக்கத்தில் பெர்க்லியில் மார்க் லின்டன் எழுதிய டிபிஎக்ஸ் இதைச் செய்தது. 1986-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன், க்னூ திட்டத்துக்காக ஜிடிபியை எழுதி, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி கொடுத்தார்.

ஆனால் ஸ்டாக்கில் இருப்பதெல்லாம் உண்மையா?

1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் பரவிய மாரிஸ் வார்ம் இதற்குப் பதில் சொன்னது. ஃபிங்கர் சேவை நிரல் 512 பைட் இடம் வைத்திருந்தது. வரும் தகவலின் நீளத்தை அது சரிபார்க்கவில்லை. வார்ம் அனுப்பியதோ 536 பைட்! வழிந்தது பக்கத்தில் இருந்த திரும்பும் முகவரியை மாற்றிவிட்டது. வேக்ஸ் கணினிகளில் அந்த ஃபங்ஷன் முடிந்ததும், கூப்பிட்ட இடத்துக்குத் திரும்பாமல் வார்ம் காட்டிய இடத்துக்குப் போனது.

டிபக்கர் நேரில் பார்த்த சாட்சி அல்ல. நினைவகத்தில் எழுதியிருப்பதைப் படிக்கும் வாசகர், அவ்வளவுதான். அடுக்கு குலைந்திருந்தால் ஜிடிபி 'கரப்ட் ஸ்டாக்?' என்று கேட்டு நிறுத்திக்கொள்ளும். அந்தக் கேள்விக்குறி வந்தால் பட்டியலை அப்படியே நம்ப வேண்டாம். எந்த மாறி வழிந்து பக்கத்து வீட்டுக்குள் போனது என்று முதலில் தேடுங்கள்.